நாழி நோட்டில் பற்று ஏறிய பாட்டி ஒதுங்கிவிட்டார், என்ன செய்யலாம்?

மஞ்சக்குப்பம் தையல்கடை

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் பதினான்கு குடும்பங்கள் சேர்ந்து போன ஆடி மாதம் ஒரு கணக்கு நோட்டு ஆரம்பித்தோம். காசு கைமாறாது, வேலைக்கு வேலைதான். அரை மணி நேர வேலைக்கு ஒரு நாழி. இந்தப் பெயரை வைத்தவர் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நாழி என்றால் நெல் அளக்கும் படியும் ஆகும், நேரமும் ஆகும் என்றார். எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

நான் லைனிங் ஜாக்கெட் தைத்தால் நான்கு நாழி வரவு. லைனிங் துணி, நூல், கொக்கி மட்டும் காசுக்கு. பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு வாத்தியார் வாரம் மூன்று மாலை கணக்குச் சொல்லித் தருகிறார், அதற்கு ஆறு நாழி பற்று. கல்யாண சீசனில் கை ஓயாமல் தைத்தபோது எதிர்வீட்டு அக்கா எங்களுக்கும் சேர்த்துச் சமைத்தார். கையில் நூறு ரூபாய் கூட இல்லாத வாரத்திலும் என் பிள்ளையின் படிப்பு நிற்கவில்லை. அதனால்தான் இந்த நோட்டை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

இப்போது மூன்று சிக்கல். வாத்தியாரிடம் 61 நாழி சேர்ந்துவிட்டது. எதற்கும் செலவழிக்க மாட்டேன் என்கிறார், "எனக்கு என்ன வேண்டியிருக்கிறது?" என்பார். எலக்ட்ரீஷியன் தம்பி விலகப் பார்க்கிறார். மோட்டார் கட்டுவதும் காய் நறுக்குவதும் ஒரே நாழியா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான்.

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. தெருக்கோடியில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார், மகன் திருப்பூரில். ரேஷன் வாங்கித் தருவது, சர்க்கரை மாத்திரைக்குப் பெரியாஸ்பத்திரிக்குத் துணைக்குப் போவது என்று அவர் பெயரில் 38 நாழி பற்று. மாதத்தின் முதல் ஞாயிறு பிள்ளையார் கோவில் படியில் உட்கார்ந்து நோட்டை உரக்கப் படிப்போம். போன மாதம் அவர் வரவில்லை. பிறகு ஒருநாள் உச்சிவெயிலில் ஆஸ்பத்திரியிலிருந்து தனியாக நடந்து வந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். ஒரு கையில் மாத்திரை அட்டைகள் போட்ட மஞ்சள் பை. செருப்பு வார் அறுந்து அதில் ஊக்கு மாட்டியிருந்தார். நாலு அடிக்கு ஒருமுறை நின்று அந்த ஊக்கைக் காலாலேயே தள்ளிச் சரிசெய்தார். "ஏன் பாட்டி கூப்பிடவில்லை?" என்றேன். "முப்பத்தெட்டு ஆகிவிட்டதேம்மா. நான் கண்ணை மூடிவிட்டால் யார் கட்டுவார்கள்?" என்றார்.

தெருப் பையன்கள் நோட்டை விட்டுவிட்டு, ரூபாய் நோட்டுபோல் கைமாறும் நாழிச் சீட்டு அச்சடிக்கலாம் என்கிறார்கள். அப்படிச் செய்தால் யார் எவ்வளவு வாங்கினார் என்று யாருக்கும் தெரியாது, பாட்டிக்கும் கூச்சம் இருக்காதாம். அது சரிவருமா? பாட்டியின் கணக்கைத் தள்ளுபடி செய்துவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

குயிலாப்பாளையம்

அக்கா, நான் ஆரோவில் விருந்தினர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறேன். இங்கே உள்ளே பெரும்பாலும் ரொக்கம் கொடுப்பதில்லை, கணக்கில் கழித்துக்கொள்வார்கள். வெளியூரிலிருந்து வந்து தங்குபவர்களுக்கு ஆரோகார்டு. இதைப் பார்த்து உங்கள் நோட்டும் இதுபோலத்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த அட்டையில் முதலில் ரூபாயைக் கட்ட வேண்டும். உங்கள் நோட்டில் யாரும் எதையும் முன்கூட்டிக் கட்டுவதில்லை. ஒருவர் வேலை செய்யும் அந்த நேரத்தில்தான் நாழி பிறக்கிறது. இரண்டும் வேறு வேறு.

லாஸ்பேட்டை, ஓய்வுபெற்ற கணக்காளர்

அம்மா, சீட்டு மட்டும் வேண்டாம். கொண்டுவருபவருக்குக் கேட்டவுடன் பணம் கொடுக்கப்படும் என்ற வகைப் பத்திரத்தை ரிசர்வ் வங்கியும் மத்திய அரசும் தவிர வேறு யாரும் வெளியிடக் கூடாது என்று 1934-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் அடிக்கும் சீட்டு அதில் சேருமா சேராதா என்று வாதாடிக்கொண்டிருக்கும் நிலைக்கே போகாதீர்கள். அர்ஜென்டினாவில் 1995-இல் தொடங்கிய பண்டமாற்றுக் குழுக்கள் கிரெடிட்டோ என்ற சீட்டை அச்சடித்தன. 2001, 2002 நெருக்கடியில் லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அதுவே கைகொடுத்தது. பிறகு அளவுக்கு மீறி அச்சடித்தார்கள், கள்ளச் சீட்டும் புகுந்தது, சில மாதங்களில் எல்லாம் சரிந்தது. நோட்டில் அந்தப் பயம் இல்லை. ஒருவருக்கு வரவு எழுதும்போதே இன்னொருவருக்குப் பற்று எழுதுகிறீர்கள். பதினான்கு வீட்டையும் கூட்டினால் எப்போதும் சுழியம்தான் வரும்.

இதே முறையைத்தான் 1983-இல் கனடாவின் கோர்ட்னி ஊரில் மைக்கேல் லின்டன் லெட்ஸ் என்ற பெயரில் தொடங்கினார். அலகுக்குப் பச்சை டாலர் என்று பெயர். அதில் வட்டி கிடையாது. யாருக்கு எவ்வளவு பற்று, இதுவரை எவ்வளவு கொடுத்து வாங்கியிருக்கிறார் என்பதை உறுப்பினர் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அங்கே பற்று குற்றமில்லை. சிலர் பற்றில் இருந்தால்தான் மற்றவரிடம் வரவு இருக்க முடியும். உங்கள் வாத்தியாரின் 61-ல் பாட்டியின் 38-ம் கலந்திருக்கிறது. வாத்தியார் செலவழிக்காதவரை பாட்டி எப்படித் தீர்ப்பார்? பாட்டியை விட்டுவிட்டு வாத்தியாரிடம் பேசுங்கள். வரவுக்கும் ஓர் உச்சவரம்பு வையுங்கள்.

ஆஸ்திரியாவின் வோர்கல் நகராட்சி 1932-இல் வெளியிட்ட சீட்டு மாதம் 1 விழுக்காடு மதிப்பு குறையும்படி இருந்தது. வைத்திருந்தால் தேயும் என்பதால் யாரும் பதுக்கவில்லை, ஊரில் வேலை நடந்தது. அடுத்த ஆண்டே மத்திய வங்கி அதை நிறுத்திவிட்டது என்பது வேறு விஷயம். ஒரு தெருவுக்குத் தேய்மானமெல்லாம் வேண்டியதில்லை, 40-க்கு மேல் வரவு ஏறாது என்றால் போதும்.

எலக்ட்ரீஷியனுக்கு இரண்டு வழி. வேலையை மணிக்கணக்கில் வரவு வைக்கும் நேர வங்கிகளில் யார் செய்தாலும் ஒரு மணி ஒரு மணிதான். லெட்ஸில் விலையை இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். என் கருத்து, நாழி எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும், பெட்ரோலுக்கும் கருவித் தேய்மானத்துக்கும் அவர் காசு வாங்கிக்கொள்ளட்டும். அவர் ஜிஎஸ்டி பதிவு செய்தவரா என்று மட்டும் கேளுங்கள். 2017 சட்டம் பண்டமாற்றையும் விற்பனையைப் போலவே வழங்கலாகத்தான் கருதுகிறது. சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருப்பவர் பதிவு செய்ய வேண்டியதில்லை, உங்கள் தெருவில் மற்றவர்களுக்கு அந்தக் கவலை வராது.

காடாம்புலியூர் முந்திரிக்காரர்

தள்ளுபடி செய்யாதே தங்கச்சி. செய்தால் அந்தம்மா இனி உங்கள் வாசலையே மிதிக்க மாட்டார்.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்தபோது எங்கள் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. என் தாத்தா நட்ட பலா வீட்டு வாசலை மறித்துக் கிடந்தது. அறுக்கக் கூலி ஆள் கிடைக்கவில்லை, கொடுக்கக் காசும் இல்லை. இன்று உன் கொல்லை, நாளை என் கொல்லை என்று முறைவைத்து ஆறு வீட்டார் அறுத்தோம். அதில் ஒரு வீட்டில் ஆம்பிளை ஆள் என்றால் எழுபது வயதுப் பெரியவர் மட்டும்தான், அவரால் ரம்பம் பிடிக்க முடியாது. வெட்டி அடுக்கிய மரத்துக்கு அவர் காவல் இருந்தார். ராத்திரியில் அரிக்கேன் விளக்கோடு கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருப்பார். அதையும் ஒரு ஆள் வேலையாகவே கணக்கு வைத்தோம். கடைசியில் அவர் கொல்லைக்கு நாங்கள் போனபோது நிமிர்ந்து நின்று, எந்த மரத்தை முதலில் அறுக்க வேண்டும் என்று எங்களை வேலை வாங்கினார். அந்தப் பாட்டிக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்டீர்களா?

மஞ்சக்குப்பம் தையல்கடை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

காடாம்புலியூர் அண்ணன் கேட்ட கேள்வி சுருக்கென்று தைத்தது. நாங்கள் யாருமே கேட்கவில்லை. நோட்டின் முதல் பக்கத்தில் யாருக்கு என்ன வேலை தெரியும் என்று எழுதியிருக்கிறோம். பாட்டி பெயருக்கு நேரே ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தது, அதுவும் என் கையெழுத்தில்.

அன்றே போய்ப் பேசினேன். அவர் வெங்காய வடகம் போடுவார், அதற்கு வெயில் காலம் வர வேண்டும். அதற்குள் வேறொன்று தெரிந்தது. எங்கள் தெருவில் பகலில் முக்கால்வாசி வீடு பூட்டியிருக்கும். சிலிண்டர் வந்தால் வாங்கி வைக்க ஆள் இல்லை, பள்ளிக்கூடம் விட்டு வரும் சின்னப் பிள்ளைகள் அம்மா வரும்வரை திண்ணையில் உட்கார்ந்திருக்கும். பாட்டி நாள் முழுவதும் வீட்டில்தான் இருக்கிறார். இப்போது ஐந்து வீட்டுச் சாவி அவரிடம். ஒவ்வொரு சாவியிலும் அடையாளத்துக்கு என் கடையின் வெட்டுத்துணியைக் கட்டிக் கொடுத்தேன். எங்கள் வீட்டுச் சாவிக்கு மாம்பழ மஞ்சள். சிலிண்டர் வாங்கி வைத்தால் ஒரு நாழி, பிள்ளைகளை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டால் இரண்டு. 38 இப்போது 21.

சீட்டு யோசனையைப் பையன்கள் விட்டுவிட்டார்கள், லாஸ்பேட்டை ஐயா எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். படிக்கட்டில் இனி மைனஸ் என்றோ கடன் என்றோ சொல்வதில்லை, பற்று என்று மட்டும் படிக்கிறோம். ஒவ்வொருவரும் அந்த மாதம் கொடுத்தது எவ்வளவு, பெற்றது எவ்வளவு என்று இரண்டையும் சேர்த்தே படிக்கிறோம். வரவுக்கு உச்சவரம்பு 40.

அதனால் வாத்தியார் செலவழித்தே ஆக வேண்டும். வெகுநேரம் யோசித்துவிட்டு, அவர் மனைவி உடுத்திய புடவைகள் பீரோவில் இருப்பதாகவும் அவற்றை மெத்தை விரிப்பாகத் தைத்துத் தர முடியுமா என்றும் கேட்டார். ஒன்பது புடவை கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். நாற்பது நாழிக்குக் குறையாது என்று சொல்லிவிட்டேன். பாதி வெட்டி முடித்தாயிற்று.

எலக்ட்ரீஷியன் தம்பி பெட்ரோல் காசு ஏற்பாட்டுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. முதல் ஞாயிறு வருகிறார், பேசுவோம்.