லேப் ஸ்டீல் கிடார்: சிங்கிள் காயில் பிக்கப்பில் ஹம்

கேள்வி:
பழைய லேப் ஸ்டீல் (மடியில் படுக்க வைத்து வாசிக்கும் கிடார்), மர உடல். பிக்கப் (கம்பி அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) சிங்கிள் காயில், அதாவது ஒரே சுருள். வால்யூமை ஏற்றினால் இரைகிறது. கம்பியைத் தொட்டால் பாதி அடங்குகிறது. கிடாரைத் திருப்பினாலும் கூடிக் குறைகிறது. உள்ளே செம்பு டேப் ஒட்டினால் போதுமா?

பதில் 1:
போதாது. இரண்டு தொல்லை கலந்திருக்கிறது. தொட்டால் அடங்குவது மின்புலத்தால் வரும் கரகரப்பு, ஷீல்டிங் (செம்பு டேப்பால் மறைப்பது) அதற்குத்தான். திருப்பினால் மாறுவது, பக்கத்து டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம் காயிலில் தூண்டும் 50 ஹெர்ட்ஸ் ஹம் (ரீங்காரம்). செம்பு அதைத் தடுக்காது. முதலில் ஆம்பிலிருந்து (ஆம்ப்ளிஃபயர்) தள்ளி உட்கார்ந்து பாருங்கள், காசு செலவில்லை.

டேப் ஒட்டினால், துண்டுகள் சேரும் இடங்களில் ஈயப் பற்று வையுங்கள். பசைப் பக்கம் மின்சாரம் கடத்தும் என்று நம்ப வேண்டாம். மல்டிமீட்டரில் மூலைக்கு மூலை 1 ஓமுக்குள் காட்ட வேண்டும். டேப்பிலிருந்து ஒரு வயரை வால்யூம் பாட்டின் (வால்யூம் திருகுக்கு அடியில் உள்ள பாகம்) உலோக முதுகில் இணையுங்கள். ஜாக்கின் (கேபிள் செருகும் துளை) சிக்னல் முனை டேப்பில் உரசினால் சத்தமே வராது. அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள்.

பதில் 2:
மிச்ச ஹம்முக்கு டம்மி காயில், அதாவது ஹம்மை மட்டும் பிடித்து பிக்கப்பின் ஹம்மை ரத்து செய்யும் இன்னொரு சுருள். பிக்கப்பில் உள்ள அதே சுற்று எண்ணிக்கை, அதே வடிவம், காந்தம் மட்டும் கிடையாது. இரண்டின் அச்சும் ஒரே திசையில் இருக்கட்டும். பிக்கப்போடு சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) தலைகீழாக இணையுங்கள். ஹம் கூடினால் டம்மியின் இரு வயர்களையும் இடம் மாற்றுங்கள். டிரெபிள் கொஞ்சம் மங்கும், அதுதான் விலை.

பதில் 3:
ஹம் குறையும் என்று யாராவது ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றச் சொன்னால் கேட்காதீர்கள். ஆம்பில் கரண்ட் லீக்கேஜ் இருந்தால் கம்பி வழியாக உங்கள் கைக்கே ஷாக் வரும்.