கேடென்லைவ் "டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்" என்று நின்றுவிடுகிறது. வரம்பை எங்கே உயர்த்துவது?

மாமாங்கத்தடி ஒளிப்பதிவு (கேள்வி):

வணக்கம். மட்டக்களப்பில் கல்யாண வீடு, கோயில் திருவிழா, பூப்புனித நீராட்டு விழா ஆகியவற்றுக்கு வீடியோ செய்துகொடுக்கிறேன். உபுண்டு 24.04, க்னோம் டெஸ்க்டாப், 16 ஜிபி ரேம். தொகுப்பு வேலை முழுக்க கேடென்லைவில்தான்.

இந்த முறை மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழாவைக் கொடியேற்றத்திலிருந்து ஆடி அமாவாசைத் தீர்த்தம் வரை ஒரே படமாகத் தொகுக்கிறேன். நான் கமெராவில் எடுத்தது போக, ஊர்ச் சனம் போனில் எடுத்து அனுப்பிய சின்னச் சின்னத் துண்டுகளும் போட்டோக்களும் நிறைய. எண்ணூறுக்கு மேல் டைம்லைனில் ஏறிய பிறகு சிக்கல் தொடங்கியது. புதிதாக ஒரு துண்டைச் சேர்த்தால் வெறும் கறுப்புத்தான் தெரிகிறது, ஒலியும் இல்லை. டேர்மினலிலிருந்து கேடென்லைவைத் திறந்து பார்த்தால் "டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்" என்று வரி வரியாக ஓடுகிறது. சில வேளை சேமிக்கவும் விடாது. இப்போதும் அப்படித்தான் சேமிக்காத வேலையோடு திறந்து கிடக்கிறது, மூடப் பயமாக இருக்கிறது.

இணையத்தில் சொன்னபடி ஈடிசி அடைவில் செக்யூரிட்டி என்பதற்குள் இருக்கும் லிமிட்ஸ் கோப்பில் 65535 என்று ஏற்கெனவே எழுதி, கணினியையும் மீளத் தொடக்கியிருந்தேன். ஆனால் டேர்மினலில் யூலிமிட் (ஒரு நிரல் எத்தனை கோப்பைத் திறந்து வைக்கலாம் என்று காட்டும் கட்டளை) கேட்டால் இன்னும் 1024தான் காட்டுகிறது. சுவிஸிலும் கனடாவிலும் இருக்கிற எங்கள் ஊர்ச் சனம் இந்தப் படத்துக்காகக் காத்திருக்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

அரசடிச் சந்தி:

அண்ணன், சிஸ்கண்ட்ரோல் (கர்னலின் அமைப்புகளை மாற்றும்) கோப்பில் ஃபைல்-மாக்ஸ் என்பதை ஒரு லட்சமாக்கிப் பாருங்கள். சேர்வர்களுக்கு அப்படித்தான் செய்வார்கள்.

கல்முனைத் திருத்தகம்:

தம்பி, அந்த ஒரு லட்சத்தைப் போட வேண்டாம். அரசடித் தம்பி நல்ல மனதோடுதான் சொல்கிறார், பழைய கட்டுரைகளில் அப்படித்தான் இருக்கும். ஆனால் உங்கள் கணினியில் ப்ராக், சிஸ், எஃப்எஸ் என்று அடைவுகளுக்குள் போய் ஃபைல்-மாக்ஸ் கோப்பைப் பாருங்கள். 9 இல் தொடங்கும் 19 இலக்க எண் ஒன்று இருக்கும். லினக்ஸில் மற்ற நிரல்களைத் தொடக்கி மேய்ப்பது சிஸ்டம்டி. 2018 டிசம்பரில் வந்த அதன் 240 ஆம் பதிப்பிலிருந்து அந்த வரம்பை எட்டாத உயரத்துக்கு ஏற்றிவிட்டார்கள். அங்கே ஒரு லட்சம் என்று எழுதினால் அது கூட்டுவதல்ல, குறைப்பது. அதோடு, அது முழுக் கணினிக்குமான வரம்பு. அது நிரம்பினால் பிழைச் செய்தியின் கடைசியில் "இன் சிஸ்டம்" என்றும் சேர்ந்து வரும். உங்களுக்கு அப்படி வரவில்லை.

இந்தப் பிழையைக் கண்டதும் எல்லாரும் ஏதாவது ஓர் எண்ணைக் கூட்டத்தான் ஓடுகிறார்கள். எந்த வரம்பு நிரம்பியது, அது எந்த நிரலுடையது என்று முதலில் பார்க்க வேண்டும். என்னிடம் இந்தப் பிழையோடு வருகிற கணினிகளில் பாதிக்கு மேல், யாரோ எங்கோ ஓர் எண்ணை மாற்றி வைத்திருப்பார்கள், நிரம்பிய வரம்பு அப்படியே கிடக்கும்.

உங்கள் விசயத்துக்கு வருவோம். ஒரு நிரல் கோப்பைத் திறக்கும்போது கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதற்கு ஓர் இலக்கம் கொடுக்கிறது. கடையில் பையை வாங்கி வைத்துக்கொண்டு இலக்கத் தகடு தருவார்களே, அப்படி. கோப்பை மூடினால் தகடு திரும்பிப் போகும். 0, 1, 2 ஆகிய மூன்றும் உள்ளீடு, வெளியீடு, பிழை என்று தொடக்கத்திலேயே போய்விடும். 1024 என்றால் 1023 வரைதான் இலக்கம் உண்டு. வீடியோத் துண்டுகளுக்கு மட்டும் அல்ல, எழுத்துரு, ஒலிக்கான சொக்கெட், பைப், டெஸ்க்டாப்போடு பேசும் இணைப்பு எல்லாவற்றுக்கும் இதிலிருந்துதான் போக வேண்டும். எண்ணூறு துண்டோடு நீங்கள் முட்டியதில் அதிசயம் இல்லை.

முதலில் வேலையைக் காப்பாற்றுங்கள். கேடென்லைவை மூட வேண்டாம். பிட்-ஆஃப் கட்டளையால் அதன் செயல் எண்ணை எடுங்கள். பிறகு பிஆர்லிமிட் கட்டளையில், இரட்டைக் கோட்டோடு பிட் என்பதற்கு அந்த எண்ணையும், இரட்டைக் கோட்டோடு நோஃபைல் என்பதற்கு 8192 என்பதையும் கொடுங்கள். 8192க்குப் பின்னால் முக்காற்புள்ளி ஒன்று கட்டாயம் வேண்டும். அது இருந்தால் மென்வரம்பு (இப்போது நடைமுறையில் உள்ள வரம்பு) மட்டும் மாறும். இல்லாவிட்டால் வன்வரம்பும் (மென்வரம்பை உயர்த்தக்கூடிய உச்சம்) சேர்ந்து 8192க்கு இறங்கிவிடும், பிறகு ரூட் (நிர்வாகி) உரிமை இல்லாமல் அதை மேலே ஏற்ற முடியாது. முக்காற்புள்ளியோடு கொடுத்தால் சூடோ தேவையில்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரலிலேயே உடனே நடக்கும். உடனே சேமித்துவிடுங்கள்.

மென்வரம்பு, வன்வரம்பு என்று சொன்னேன் அல்லவா? யூலிமிட்டோடு ஒரு கோடும் சிறிய என் எழுத்தும் போட்டால் மென்வரம்பு வரும், 1024. பெரிய ஹெச், சிறிய என் என்று போட்டுப் பாருங்கள், வன்வரம்பு வரும், அது மிகப் பெரிய எண் (சிஸ்டம்டியின் இயல்பு 524288, உங்கள் கணினியில் வேறாகவும் இருக்கலாம்). அதுவரை உயர்த்த உங்களுக்கு ஏற்கெனவே உரிமை உண்டு. 240 ஆம் பதிப்பில் அதையும்தான் கூட்டினார்கள். மென்வரம்பை மட்டும் வேண்டுமென்றே 1024இல் விட்டுவைத்தார்கள். செலக்ட் என்ற பழைய அழைப்பைப் பாவிக்கும் நிரல்களுக்கு 1024க்கும் அதற்கு மேலும் உள்ள இலக்கங்களைக் கையாளத் தெரியாது, நினைவகத்தைப் பழுதாக்கிவிடும். ஆகவே 'அன்லிமிட்டெட்' போடச் சொல்லும் ஆட்களை நம்பாதீர்கள். தேவையான நிரலுக்குத் தேவையான அளவு போதும்.

லிமிட்ஸ் கோப்பு ஏன் வேலை செய்யவில்லை என்றால், அதை வாசிப்பது பாம் என்ற உள்நுழைவு அடுக்கு. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி வெறும் திரையில் உள்நுழைந்து பார்த்தால் உங்கள் 65535 அங்கே தெரியும். க்னோமில் அப்படி இல்லை. டெஸ்க்டாப்பும் அதன் டேர்மினலும் பயனருக்கான சிஸ்டம்டியின் கீழே பிறக்கின்றன, அது தன் கீழே பிறப்பவற்றுக்குத் தன்னுடைய இயல்பு வரம்பைத்தான் கொடுக்கும்.

நிரந்தரமாக மாற்ற, ஈடிசி அடைவுக்குள் சிஸ்டம்டி அடைவில் 'யூசர் டாட் கான்ஃப் டாட் டி' என்று ஓர் அடைவு உருவாக்குங்கள். அதற்குள் கான்ஃப் என்று முடியும் பெயரில் ஒரு கோப்பு. அதில் இரண்டு வரி: முதல் வரியில் சதுர அடைப்புக்குள் மேனேஜர். இரண்டாவதில் டிஃபால்ட்-லிமிட்-நோஃபைல், சமன், 8192, முக்காற்புள்ளி, 524288 (முதற் சொற்களை இடைவெளியும் கோடும் இல்லாமல் ஒரே சொல்லாக, நோஃபைலை முழுக்கப் பெரிய எழுத்தில்). வெளியேறி உள்நுழைவதைவிட முழுதாக மீளத் தொடக்குவது நிச்சயம்.

டெஸ்க்டாப் முழுவதற்கும் மாற்ற விருப்பமில்லையா? சின்ன ஷெல் நிரல் ஒன்று எழுதி, அதில் முதல் வரியில் யூலிமிட்டை 8192 ஆக்கி, அடுத்த வரியில் கேடென்லைவைத் திறக்கச் சொல்லுங்கள். எனக்கு இதுதான் கூடப் பிடித்தது, மற்ற நிரல்களைத் தொடாது.

மாமாங்கத்தடி ஒளிப்பதிவு:

நானா, கோடி நன்றி. பிஆர்லிமிட் போட்டதும் அந்தக் கறுப்புத் துண்டை நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்த்தேன், படம் வந்தது. சேமித்தும்விட்டேன். இப்போது ஷெல் நிரலால்தான் திறக்கிறேன். ப்ராக் அடைவுக்குள் கேடென்லைவின் செயல் எண்ணுக்குக் கீழே எஃப்டி அடைவில் எண்ணிப் பார்த்தால் 1390 அளவில் நிற்கிறது.

இன்னும் இரண்டு கேள்வி. கடைசியில் முழுப் படத்தையும் வெளியெடுக்கும்போது தனியாக ஒரு செயல் ஓடுகிறதே, அதற்கும் இந்த வரம்பு போகுமா? அப்புறம், இந்த எண் கூடிக்கொண்டே போனால் என்ன செய்வது?

கல்முனைத் திருத்தகம்:

போகும் தம்பி. பிள்ளைச் செயல் பிறக்கும் நேரத்தில் தாய்க்கு என்ன வரம்பு இருக்கிறதோ அதுதான் பிள்ளைக்கும். ஷெல் நிரலால் திறந்தால் வெளியெடுக்கும் செயலுக்கும் 8192 கிடைக்கும். பிஆர்லிமிட்டில் மட்டும் கவனம் வேண்டும். அதற்கு முன்பே பிறந்துவிட்ட பிள்ளைகளுக்குப் புது வரம்பு போகாது. சந்தேகம் என்றால் அந்தச் செயலின் எண்ணுக்குக் கீழே லிமிட்ஸ் என்ற கோப்பைத் திறந்து "மாக்ஸ் ஓப்பன் ஃபைல்ஸ்" வரியைப் பாருங்கள். டேர்மினலில் வரும் யூலிமிட் அந்த டேர்மினலின் வரம்பு, உங்கள் நிரலுடையது அல்ல.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். துண்டு சேர்க்கும்போது எண் கூடுவது நியாயம். ஒன்றும் செய்யாமல் கேடென்லைவைச் சும்மா விட்டுவிட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்து எண்ணுங்கள். அப்போதும் கூடியிருந்தால் நிரல் திறந்ததை மூடாமல் விடுகிறது. அதற்கு எட்டாயிரம் கொடுத்தாலும் எண்பதாயிரம் கொடுத்தாலும் ஒருநாள் நிரம்பும். எஃப்டி அடைவை நீண்ட பட்டியலாகப் பார்த்தால் ஒவ்வோர் இலக்கமும் எதைச் சுட்டுகிறது என்று தெரியும். ஒரே பெயர் நூறு முறை வந்தால் பிழை அங்கேதான், நிரலை எழுதியவர்களுக்கு அந்தப் பட்டியலோடு அறிவியுங்கள். உங்களுடையது 1390இல் நிற்பதால் பயமில்லை.

சம்மாந்துறை நெல்மணி:

நானா, எனக்கும் இதே பிழைதான், ஆனால் நீங்கள் சொன்னபடி எண்ணிப் பார்த்தால் எந்த நிரலும் 300ஐக்கூடத் தாண்டவில்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். இறுதி ஆண்டுத் திட்டத்துக்காக கோட் எடிட்டரும் சில சேர்வர்களும் ஒன்றாக ஓடும். சிஸ்டம்-சிடிஎல் ஸ்டேட்டஸ் கேட்டால் "ஃபெயில்ட் டு அலோகேட் டைரக்டரி வாட்ச்: டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்" என்கிறது. யூலிமிட்டைக் கூட்டியும் போகவில்லை.

கல்முனைத் திருத்தகம்:

தங்கச்சி, இது வேறு வரம்பு. அந்தச் செய்தியில் "டைரக்டரி வாட்ச்" என்று இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடைவில் எது மாறினாலும் தனக்குச் சொல் என்று ஒரு நிரல் கர்னலைக் கேட்கும் ஏற்பாடு ஐநோட்டிஃபை. ஒரு பயனருக்கு இப்படி எத்தனை கேட்பான்கள் இருக்கலாம் என்பதற்கு மாக்ஸ்-யூசர்-இன்ஸ்டன்ஸஸ் என்று தனி எண் உண்டு. இயல்பாக 128. உங்கள் எடிட்டர், சேர்வர், டெஸ்க்டாப் எல்லாம் சேர்ந்து இதை நிரப்புகின்றன. நிரம்பினால் கர்னல் கொடுப்பது அதே பிழை எண், அதனால்தான் செய்தியும் அதே செய்தி.

ஈடிசியில் சிஸ்கண்ட்ரோல் டாட் டி அடைவுக்குள் கான்ஃப் என்று முடியும் புதுக் கோப்பு ஒன்றில் அந்த எண்ணை 512 ஆக்குங்கள். பிறகு சூடோவோடு சிஸ்கண்ட்ரோல், இரட்டைக் கோடு, சிஸ்டம். மீளத் தொடக்கத் தேவையில்லை.

இதற்குப் பக்கத்திலேயே மாக்ஸ்-யூசர்-வாட்சஸ் என்று இன்னொன்று இருக்கும். அது மொத்தம் எத்தனை அடைவையும் கோப்பையும் கவனிக்கலாம் என்பது. அது நிரம்பினால் "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்று வரும். டிஸ்க்கில் பாதி காலியாக இருக்க, ஆட்கள் படங்களை அழித்துக்கொண்டிருப்பார்கள், எனக்கு அதைப் பார்த்தால் மனம் பொறுக்காது. முன்பு அது 8192தான். கர்னல் 5.11இலிருந்து ரேமின் அளவைப் பார்த்துத் தானே கூட்டிக்கொள்கிறது, ஆகவே புதுக் கணினிகளில் குறைவாகத்தான் முட்டும்.

எந்த நிரல் கேட்பான்களைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அறிய, ப்ராக் அடைவில் எல்லாச் செயல்களின் எஃப்டி பட்டியலிலும் ஐநோட்டிஃபை என்ற பெயரைத் தேடுங்கள். பெரும்பாலும் மூடியதாக நினைத்த பழைய சேர்வர் ஒன்று பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். 512 ஆக்குவதற்கு முன் அதை நிறுத்திப் பாருங்கள்.