காதல் நகைச்சுவைப் படங்களில் மறைபொருள் தேடலாமா?

கேள்வி – தேவகோட்டை வாசகர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தில் ‘மிஸ்ஸியம்மா’ குறித்துப் பேசினோம். ஆசிரியர் வேலைக்காகக் கணவன் மனைவியாக நடிக்கும் இருவரில் ஒருத்தி கிறித்தவப் பெண் மேரி. அவள் சிறு வயதில் தொலைந்துபோன ஜமீன்தாரின் மகள் மகாலட்சுமிதான் என்று முடிவில் தெரியவர, திருமணம் தடையின்றி நடக்கிறது. இதில் மத அரசியல் இருக்கிறது என்றார் ஒருவர். சிரிக்க எடுத்த படத்தை ஏன் இப்படிக் கூறுபோடுகிறீர்கள் என்று மற்றொருவர் கோபித்துக்கொண்டார். படத்தில் உண்மையிலேயே இருப்பது எது, நாமாக ஏற்றிச் சொல்வது எது என்று பிரித்தறிய வழி உண்டா?

பதில் – கானாடுகாத்தான் வாசகர்

தாராளமாகத் தேடலாம். ஆனால் நாயகியின் சேலை நிறத்திலும் சுவரில் மாட்டிய படத்திலும் தேடினால் நினைத்ததெல்லாம் கிடைக்கும்; அந்த வழி வேண்டாம். காதலுக்கு இருந்த தடை எப்படி நீங்கியது, அது நீங்குவதற்காக யாருடைய மனம் மாறியது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். ‘மிஸ்ஸியம்மா’வில் மேரி என்ற கிறித்தவப் பெண்ணை ஓர் இந்து இளைஞன் மணக்கலாமா என்ற கேள்விக்கு யாரும் விடை சொல்ல வேண்டிய நிலையே வரவில்லை, காலில் இருந்த மச்சம் அந்த வேலையை முடித்துவிடுகிறது. மதம் மாறாமலேயே இருவர் மணந்துகொள்ள வழிசெய்யும் சிறப்புத் திருமணச் சட்டம் 1955 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. படம் வெளியானதும் அதே மாதம்தான். சட்டத்தை மனத்தில் வைத்து எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை, கதையே வங்காளத்திலிருந்து வந்ததுதான். இருந்தாலும், சட்டம் அனுமதித்த ஒன்றைத் திரை சுற்றிக்கொண்டு போனது என்பது கண்ணெதிரே இருக்கிறது.

பதில் – காரைக்குடி வாசகர்

எனக்கு இதில் உடன்பாடில்லை. நம் ஊரில் ஏவி.எம். கொட்டகை போட்டுப் படமெடுத்த காலத்தில் வந்த ‘நாம் இருவர்’ (1947) பாரதி பாடல்களை வைத்துக்கொண்டு தேசியத்தை நேராகவே பேசியது. அரசியல் பேச நினைத்தவர்கள் ஒளித்துவைக்கவில்லை. காதல் படம் எடுத்தவர்களுக்கு வேண்டியிருந்தது அரங்கு நிறைய மக்களும் அவர்களுடைய சிரிப்பும். அதற்குமேல் நாம் சொல்வதெல்லாம் நம் கற்பனை.

பதில் – பள்ளத்தூர் வாசகி

அண்ணன் சொல்வதில் பாதி சரி. ஆனால் ஒருவர் ஒளித்துவைத்தால்தான் ஒன்று மறைந்திருக்கும் என்பதில்லை. நகைச்சுவை பற்றி 1905இல் எழுதிய மனவியல் அறிஞர் பிராய்டு, வெளிப்படையாகச் சொல்லத் தயங்குவதைச் சிரிப்பின் மறைவில் சொல்லிவிடுகிறோம் என்று கருதினார். ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யை (1964) எடுத்துக்கொள்ளுங்கள். வேலையிலிருந்து நீக்கப்பட்ட இளைஞன் முதலாளி வீட்டெதிரே கூடாரம் போட்டு, அவரைப் பெயர் சொல்லி அழைத்து வேலை கேட்டுப் பாடுகிறான். அன்றைய தெருவில் நடந்திருந்தால் அது போராட்டம். படத்தில் ஆட்டமும் பாட்டமுமாக நடப்பதால் பெரிய வீட்டுக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தக் கோரிக்கை கடைசியில் என்ன ஆயிற்று? நண்பனைப் பணக்காரத் தந்தையாக வேடமிடச் செய்து, முதலாளிக்கே மருமகனாகப் பார்க்கிறான். பணம் இருந்தால்தான் பெண் என்ற முதலாளியின் கணக்கை யாரும் தவறு என்று சொல்லவில்லை, அந்தக் கணக்குக்குப் பொய்யான விடை எழுதிக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். இசைகுடிமானம் என்ற திருமணப் பத்திரம் எழுதி, திருமணத்தை இரு வீட்டாரின் ஒப்பந்தமாகவே நடத்தும் நகரத்தாராகிய நமக்கு இது புரியாமல் போகாது.

மனவியலும் அப்படித்தான். அந்தப் படத்தில் எஸ்டேட்டையே ஆளும் முதலாளியாக வரும் பாலையா, மகன் நாகேஷ் சொல்லும் பேய்க்கதையில் சிறு குழந்தையாக நடுங்குகிறார். நிஜ வீட்டில் எந்த மகனும் அப்பாவை அப்படி ஆட்டிவைக்க முடியாது. ‘மிஸ்ஸியம்மா’விலும், மனைவியாக நடிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் மேரிக்கு, கணவனாக நடிப்பவன் இன்னொரு பெண்ணுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தால் பொறுக்கவில்லை. காதலை ஒப்புக்கொள்வதற்கு முன்பே பொறாமை வந்துவிடுகிறது.

பதில் – காரைக்குடி வாசகர்

ஆச்சி, பாலையா நடுங்குவது அவருடைய நடிப்புத் திறம். அதற்கு மனவியல் வேண்டாம் என்றே இப்போதும் நினைக்கிறேன். வேலை கேட்டவன் மருமகனாக வந்து நிற்பது பற்றிச் சொன்னீர்களே, அதை மறுக்க எனக்கு வழி தெரியவில்லை.