மறு: ‘டிரான்ஸ்ஃபர்’ சேர்க்கைக்குக் கலைச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் சில காலம் படித்துவிட்டு மற்றொன்றில் சேர்ந்து படிப்பைத் தொடரும் ‘டிரான்ஸ்ஃபர்’ முறைக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில் ஐயா எழுதியது இது:

> ‘டிரான்ஸ்ஃபர் ஸ்டூடன்ட்’ என்பதை ‘இடமாற்ற மாணவர்’ எனலாம். கம்யூனிட்டி காலேஜுக்குச் ‘சமுதாயக் கல்லூரி’ என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் உள்ளது. கல்லூரிப் பாடத்தைப் பல்கலைக்கழகப் பாடத்துக்கு ஈடாகக் கொள்ளும் ‘ஆர்டிகுலேஷன்’ என்பதற்குப் ‘பாட ஒத்திசைவு’ பொருந்தும்.

ஐயா அவர்கள் முன்மொழிந்த மூன்று சொற்களில் முதலாவதைப் பற்றித்தான் விரிவாக எழுத விரும்புகிறேன். ‘மாற்றல்’, ‘இடமாற்றம்’ என்றவுடன் நம் மக்களுக்கு அரசு ஊழியரின் பணியிட மாறுதலும், பள்ளியில் வாங்கும் மாற்றுச் சான்றிதழும்தான் நினைவுக்கு வரும். ஒருவர் ஓரிடத்தை விட்டு நீங்கினார் என்பதை மட்டுமே அச்சான்றிதழ் சொல்கிறது. கலிஃபோர்னியாவில் ஒரு மாணவர் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு நான்காண்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேர்கிறார் என்றால், அங்கே முதன்மையான செயல் அவர் இடம் மாறுவதன்று. அவர் முன்பு படித்த பாடங்களைப் பல்கலைக்கழகம் தன் பட்டத்துக்கு உரியவையாக ஏற்றுக்கொள்வதே ஆகும்.

அந்த ஏற்பு எப்படி நடக்கிறது என்பதை கலிஃபோர்னியாவின் பாட ஈடுகளைப் பட்டியலிடும் ‘அசிஸ்ட்’ இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். கல்லூரி, பல்கலைக்கழகம், முதன்மைப் பாடம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தால், இடப்பக்கம் பல்கலைக்கழகத்தின் பாடமும் வலப்பக்கம் அதற்கு ஈடாகக் கொள்ளப்படும் கல்லூரிப் பாடமும் வரிசையாகத் தோன்றும். சில வரிகளில் கல்லூரியின் இரண்டு மூன்று பாடங்களை முழுத் தொடராக முடித்தால்தான் பல்கலைக்கழகப் பாடத்துக்கு ஈடாகும் என்றிருக்கும். சில வரிகளில் ஈடான பாடம் ஏதும் இல்லை என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். கணினி அறிவியல் படிக்க விரும்பும் மாணவர் முதல் பருவத்திலேயே இந்தப் பட்டியலைப் பார்க்கவில்லையென்றால், பின்னால் ஓர் ஆண்டு கூடுதலாகப் படிக்க நேரலாம். ஆகவே இச்சொல்லைத் துல்லியமாக அமைப்பதால் பெற்றோருக்கும் மாணவருக்கும் நேரடிப் பயன் உண்டு.

மேலும், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக வளாகங்களில் பாடங்கள் மட்டுமே ஏற்கப்படுகின்றன. பழைய கல்லூரியில் பெற்ற தரப்புள்ளிகள் சேர்க்கைக்கு உதவுமேயன்றி, சேர்ந்த பின் சராசரிக் கணக்கில் வருவதில்லை. ‘இடமாற்றம்’ என்ற சொல்லில் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

இக்காரணங்களால் ‘படிப்பேற்புச் சேர்க்கை’ என்ற தொடரை முன்வைக்கிறேன். இவ்வாறு சேர்பவர் ‘படிப்பேற்பு மாணவர்’. பாலிடெக்னிக் முடித்தவர்கள் பொறியியல் கல்லூரியில் சேர்வதை நாம் ‘நேரடி இரண்டாம் ஆண்டு சேர்க்கை’ என்கிறோம். அதைப் பின்பற்றி ‘நேரடி மூன்றாம் ஆண்டு சேர்க்கை’ எனலாமே என்று எனக்கும் முதலில் தோன்றியது. மக்களுக்குச் சட்டென்று புரியக்கூடிய தொடர்தான் அது. ஆனால் 60 பருவமுறை அலகுகளை (பாடத்தின் அளவைக் கணக்கிடும் ‘கிரெடிட்’), அல்லது அதற்குச் சமமான 90 காலாண்டு அலகுகளை, முடித்து மூன்றாம் ஆண்டில் சேர்வது பொது வழக்கமாக இருந்தாலும், அதற்கு முன்பே சேர்த்துக்கொள்ளும் தனியார் பல்கலைக்கழகங்களும் உள்ளன. ஆண்டு எண்ணைச் சொல்லுக்குள் வைத்துவிட்டால் அவ்வாறு முன்பே சேர்பவர்களுக்கு வேறொரு சொல் தேட வேண்டியிருக்கும்.

‘பாட ஒத்திசைவு’ செவிக்கு இனிய சொல்தான். எனினும் இரு பாடங்களும் இயல்பாகவே ஒத்திருப்பதுபோல் அது காட்டுகிறது. ஒப்புமையை முடிவு செய்வது சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகம் என்பதால், ‘பாட இணையேற்பு’ என்பதே பொருந்தும் எனக் கருதுகிறேன்.

‘சமுதாயக் கல்லூரி’ குறித்து எனக்குத் தயக்கம் உண்டு. 1990களின் நடுவில் புதுச்சேரியிலும் சென்னையிலும் இப்பெயரில் தொடங்கியவை வேலைவாய்ப்புத் திறன்களைக் கற்பிக்கும் நிறுவனங்கள். தமிழ்நாட்டு வாசகர் அதையே எண்ணிக்கொண்டு, அமெரிக்காவில் தம் பேரப்பிள்ளை ஏதோ தொழிற்பயிற்சிக்குப் போவதாக வருந்தக்கூடும். அங்கும் தொழிற்பயிற்சி உண்டு. அது சிறந்த பணியே. ஆயினும் 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் இவ்வகையின் முதல் பொதுக் கல்லூரி தொடங்கப்பட்டதே, பல்கலைக்கழகத்தின் முதலிரண்டு ஆண்டுப் பாடங்களை உள்ளூரிலேயே கற்பிப்பதற்காகத்தான். கலிஃபோர்னியாவின் 1960ஆம் ஆண்டு உயர்கல்விப் பெருந்திட்டமும் இக்கல்லூரிகளை எல்லோருக்கும் திறந்த வாயிலாகவும் பல்கலைக்கழகத்துக்கான வழியாகவும் வகுத்தது. மாநிலத்தில் வசிப்பவருக்கு ஓர் அலகுக்கு 46 டாலர் என்ற கட்டணம் 2012 முதல் நடப்பில் உள்ளது. 60 அலகுகளுக்கு 2,760 டாலர்தான் கல்விக் கட்டணம். இவ்வளவு பெரிய கதவைத் திறந்து வைத்திருக்கும் நிறுவனத்தின் பெயர் தவறான எண்ணத்தைத் தந்துவிடக் கூடாது என்பதே என் கவலை. அதன் பழைய பெயரான ‘ஜூனியர் காலேஜ்’ என்பதை ‘இளநிலைக் கல்லூரி’ என்றால், ‘இளநிலை’ நம்மிடம் பி.ஏ., பி.எஸ்சி. பட்டங்களைக் குறிப்பதால் குழப்பம் கூடும். ‘ஈராண்டுக் கல்லூரி’ என்பது உங்களுக்கு உடன்பாடா?

அன்புடன்.

---

மறு: மறு: ‘டிரான்ஸ்ஃபர்’ சேர்க்கைக்குக் கலைச்சொல்

அன்புள்ள அம்மையாருக்கு வணக்கம்.

‘படிப்பேற்பு’ என்பதை மகிழ்வுடன் ஏற்கிறேன். இரண்டு செய்திகளைக் கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன். முதலாவது, இலங்கையில் ‘பல்கலைக்கழக அனுமதி’ என்றே எழுதுவோம். ‘சேர்க்கை’ எங்களுக்குப் புரியுமாயினும் விண்ணப்பப் படிவங்களில் காணும் சொல் அன்று. இரண்டாவது, ‘கிரெடிட்’ என்பதற்குச் சொல் அமைக்கும்போது ‘திறமை’ என்ற சொல்லைத் தவிர்க்க வேண்டும். எங்கள் சாதாரண தரப் பரீட்சையில் ‘திறமைச் சித்தி’ (‘கிரெடிட்’ நிலைத் தேர்ச்சி) என்பது ஒரு பெறுபேற்றின் பெயர். வெறும் ‘அலகு’ என்றால் தமிழ்நாட்டுப் பாடநூலின் இயல் பிரிவு என மாணவர் கருதக்கூடும். ‘மதிப்பலகு’ எனலாம்.

‘ஈராண்டுக் கல்லூரி’யில் எனக்கு உடன்பாடில்லை. கலிஃபோர்னியாவிலேயே 2014இன் சட்டத்துக்குப் பின் இக்கல்லூரிகள் சில துறைகளில் நான்காண்டுப் பட்டமும் வழங்குகின்றன. பகுதிநேரமாகப் பணிபுரிந்துகொண்டு நான்கு, ஐந்து ஆண்டுகள் படிப்பவர்களும் பலர். அவர்களிடம் ‘ஈராண்டு’ என்று சொல்வது அவர்கள் பின்தங்கிவிட்டார்கள் என்ற பொருளைத் தந்துவிடும். ‘சமுதாயக் கல்லூரி’யையே வைத்துக்கொண்டு, அமெரிக்கப் பொருளை விளக்கத்தில் தெளிவாக எழுதிவிடுவோம்.

---

மறு: மறு: மறு: ‘டிரான்ஸ்ஃபர்’ சேர்க்கைக்குக் கலைச்சொல்

ஐயா, வணக்கம்.

பகுதிநேர மாணவர்களைப் பற்றி நீங்கள் எழுதியது மிகவும் நியாயமானது. ‘ஈராண்டுக் கல்லூரி’யை விட்டுவிடுகிறேன். ‘மதிப்பலகு’ எனக்கும் பிடித்திருக்கிறது. சொற்பட்டியலுக்கான பதிவைக் கீழே தருகிறேன். மறுப்பு இருப்பவர்கள் எழுதுங்கள்.

படிப்பேற்புச் சேர்க்கை (இலங்கை வழக்கில்: படிப்பேற்பு அனுமதி): ஒரு கல்லூரியில் முடித்த பாடங்களின் மதிப்பலகுகளை ஏற்று, அவற்றுக்கு ஏற்ற நிலையில் மாணவரை மற்றொரு பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ளுதல்.

பாட இணையேற்பு: ஒரு கல்லூரியின் குறிப்பிட்ட பாடத்தைத் தன் பாடத்துக்கு ஈடானது என்று பல்கலைக்கழகம் முன்கூட்டியே அறிவித்தல்.

சமுதாயக் கல்லூரி (அமெரிக்கா): தேர்ந்தெடுப்பின்றி எல்லோரையும் சேர்த்துக்கொண்டு, பல்கலைக்கழகத்தின் முதலிரண்டு ஆண்டுப் பாடங்களையும் தொழிற்படிப்புகளையும் கற்பிக்கும் பொதுக் கல்லூரி.

அன்புடன்.