சமுதாய வானொலிகளும் பாடலுக்கு ராயல்டி கொடுக்க வேண்டுமா?

தரமணி நேயர்:
சென்னையில் ஒரு கல்லூரி வளாகத்திலிருந்து ஒலிபரப்பாகும் சமுதாய வானொலியில் தன்னார்வலராக நிகழ்ச்சி தயாரிக்கிறேன். மழைக்கால நோய்கள், மகளிர் சுயஉதவிக் குழுக் கடன், கடல் சீற்றம் என்று அக்கம்பக்கத்து மக்களுக்கு வேண்டியவற்றைப் பேசுகிறோம். ஆனாலும் இடையே திரைப்பாடல் இல்லையென்றால் கேட்பவர்கள் வேறு நிலையத்துக்குப் போய்விடுகிறார்கள். அண்ணா பல்கலைக்கழகம் 2004-ல் நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலியைத் தொடங்கிய ஊர் இது. லாப நோக்கமே இல்லாத இத்தகைய நிலையங்களிடமும் பாட்டுக்குப் பணம் கேட்பது நியாயமா?

பாட்டுக்காரர் மகள்:
நியாயம்தான். என் தந்தை திரைப்படங்களுக்குப் பாட்டெழுதியவர். பாட்டுக்கு ஒரு தொகை கைக்கு வரும், அதோடு சரி. பிறகு அந்தப் பாடல் எத்தனை ஆண்டுகள் ஒலித்தாலும் வீட்டுக்கு எதுவும் வந்ததில்லை. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகுதான், திரையரங்கில் படத்தோடு ஒலிப்பதைத் தவிர்த்த மற்றப் பயன்பாடுகளில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிய பங்கைத் தயாரிப்பாளர் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்றானது. சேவை செய்கிறோம் என்பதற்காக மின்கட்டணத்தை நிறுத்திவைப்பதில்லையே?

பண்பலைக் கணக்கர்:
கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. எப்படிக் கணக்கிடுவது என்பதே பிரச்சினை. 2010-ல் பதிப்புரிமை வாரியம் தனியார் பண்பலைகளுக்கு நிகர விளம்பர வருவாயில் 2 சதவீதம் என்று நிர்ணயித்தது. அந்த முறையில் வருவாய் சிறிதானால் தொகையும் சிறிதாகும் என்பதால், சமுதாய வானொலிக்கு அதுவே பொருந்தும். மணிக்கணக்கில் கட்டணம் வைத்தால் சிறிய நிலையம் தாங்காது.

இன்னொன்றும் உண்டு. நான் பார்த்த ஒலிபரப்புப் பதிவேடுகளில் பாடல், படம், பாடகர் ஆகியவற்றுக்குக் கட்டம் இருக்கும், எழுதியவருக்கு இருக்காது. 2023-ல் மும்பை உயர் நீதிமன்றம் பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் பண்பலைகள் ராயல்டி தர வேண்டும் என்று கூறியது. ஆனால் பெயரே பதிவாகாத இடத்தில் பணம் யாருக்குப் போய்ச் சேரும்? விவித் பாரதியில் படம், இசை, பாடலாசிரியர், குரல் என்று வரிசையாகச் சொல்வார்களே, அந்த வழக்கம் வெறும் மரியாதையன்று. உரிமையாளரின் தனி அனுமதியின்றியே, நிர்ணயித்த கட்டணத்தைச் செலுத்தி ஒலிபரப்ப வழிசெய்வது பதிப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவு; அதன்கீழ் ஒலிபரப்புகிறவர்கள் படைப்பாளிகளின் பெயர்களை அறிவித்தே ஆக வேண்டும்.

தரமணி நேயர்:
நன்றி ஐயா, நன்றி அம்மா. எங்கள் பதிவேட்டிலும் அந்தக் கட்டம் இல்லை. நிலைய இயக்குநரிடம் பேசுகிறேன். பழைய பாடல்களுக்கும் இது பொருந்துமா?

பண்பலைக் கணக்கர்:
ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை உண்டு. பாடல் வரிகளுக்கோ எழுதியவர் மறைந்த பின் 60 ஆண்டுகள். ஆகவே 1981-ல் மறைந்த கண்ணதாசனின் வரிகளுக்கு 2041 இறுதி வரை உரிமை நீடிக்கும். மெட்டுக்குரிய உரிமையைத் தனியே பார்க்க வேண்டும்.