புதுப்பிப்பு: 5-ஹைட்ராக்சி-1,3-டையாக்சேனில் ஓஎச் ஏன் ஆக்சியல் பக்கம் நிற்கிறது?

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: ஆறு கார்பன் வளையமான சைக்ளோஹெக்சனாலில் ஓஎச் ஈக்வடோரியலில் (வளையத்தின் விளிம்போரமாக வெளியே நீளும் இடம்) உட்காரும்போது, நான்கு கார்பனும் இரண்டு ஆக்சிஜனும் உள்ள இந்த டையாக்சேன் வளையத்தில் மட்டும் என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) பிரிப்பு, அதாவது பக்கத்து ஹைட்ரஜன்களால் சிக்னல் பிளக்கும் இடைவெளி, அத்தனை சின்னதாக வந்து, ஓஎச் ஆக்சியல் (வளையத்துக்குச் செங்குத்தாக நிற்கும் இடம்) என்று சொன்னது எப்படி?

சாம்பிளில் ஈரம் என்ற சந்தேகம் நிற்கவில்லை, உலர்த்திய பிறகும் அதே கதைதான். விடை கொடுத்தது, கார்பன் டெட்ராகுளோரைடில் நீர்க்கவைத்து ஐ.ஆர். (அகச்சிவப்பு நிறமாலை) எடுக்கச் சொன்ன யோசனை. நீர்க்க நீர்க்க 3400 பக்கம் இருந்த அகன்ற பட்டை கரைந்துபோனது, 3590 செ.மீ⁻¹ பக்கத்துப் பட்டை அசையவே இல்லை. கரைந்துபோனது மூலக்கூறுகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்பு; அசையாமல் நின்ற பிணைப்பு மூலக்கூறுக்கு உள்ளேயே இருக்கிறது. ஆக்சியல் ஓஎச் தன் ஹைட்ரஜனை வளையத்துக்கு மேலே உள்பக்கமாகத் திருப்பி, எதிரே உள்ள ஆக்சிஜன்களைத் தொட்டுக்கொள்கிறது. கோணம் நேர்கோட்டுக்கு வெகு தூரம், அதனால் பலவீனமான பிணைப்புதான், ஆனால் சைக்ளோஹெக்சேனில் ஓஎச்சின் ஈக்வடோரியல் விருப்பமே மோலுக்கு 1 கிலோகலோரிக்குள்தானே, அதைக் கவிழ்க்க இது போதும்.

ஓஎச்சுக்குப் பதில் மெத்தாக்சி (OCH₃) உள்ள சேர்மத்தையும் பார்க்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. கொடுக்க ஹைட்ரஜன் இல்லை, அதே கரைப்பானில் ஈக்வடோரியலுக்கே போய்விட்டது.

எதிர்பாராதது: டி.எம்.எஸ்.ஓ. (டைமெத்தில் சல்பாக்சைடு) கரைப்பானில் பிரிப்பு கூடியது, அதாவது ஈக்வடோரியல் பங்கு கூடியது. கரைப்பானே ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்கிறது போல. அப்புறம், அறை வெப்பநிலையில் வளையம் வேகமாகப் புரள்வதால் தெரிவது இரண்டு வடிவங்களின் சராசரிதான், எனவே கரைப்பான் பெயர் இல்லாமல் பிரிப்பின் மதிப்பை மட்டும் ஒப்பிடாதீர்கள்.