குட்டி கேட்டு வந்தவர்கள்

சுங்கை சிப்புட்டிலிருந்து

மலேசியாவில், முன்பு பால்மரமாக இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் இருக்கிறேன். பகலில் பட்டறை வேலை, மாலையில் வளர்ப்பு எலிகள். எட்டு வருடமாகிறது. ஆண்டுக்கு இரண்டு ஈத்துக்கு மேல் எடுப்பதில்லை. ஒரு ஜோடிக்கு நான் வாங்கும் 40 வெள்ளி தீனிக்கும் காகிதத் துகளுக்குமே பற்றாது, அதனால் இதைத் தொழில் என்று சொல்ல முடியாது. புதிதாகக் குட்டி எடுக்க நினைக்கும் இரண்டு மூன்று பேர் “வாங்க ஆள் கிடைப்பாங்களா அண்ணே?” என்று கேட்டிருந்தார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆள் கிடைப்பார்கள். வீடு கிடைப்பதுதான் கஷ்டம்.

முதல் ஈத்தின்போது எனக்கு இது தெரியாது. தாய் எலியின் படத்தைப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) போட்டேன். இரண்டே நாளில் 20 பெயர் சேர்ந்துவிட்டது. பள்ளி நோட்டு ஒன்றில் கோடு போட்டு வரிசையாக எழுதி வைத்தேன். 13 குட்டிகள் பிறந்தன, எட்டு ஆண், ஐந்து பெண். 20 பேர் இருக்கிறார்களே என்று நிம்மதியாக இருந்தேன். கொடுக்கும் நாள் வந்து ஒவ்வொருவராக அழைத்தால், ஒருவர் வேலை மாறி ஜொகூர் போய்விட்டார், ஒருவருக்கு வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை, ஒருவருடைய மனைவிக்கு எலி என்றாலே ஆகாது, அது அவருக்கு முன்பே தெரியும். பாதிப்பேர் போனை எடுக்கவே இல்லை. நான்கு பேர் வந்தார்கள். ஐந்து பெண் குட்டிகளும் ஓர் ஆணும் போயின. மீதி ஏழு ஆண்களும் என்னிடமே இருந்து, இரண்டு பெரிய கூண்டுகளில், கடைசி எலி சாகும்வரை இரண்டரை வருடம் வாழ்ந்தன. அவற்றை வளர்த்ததில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் அந்த இரண்டரை வருடமும் வேறு குட்டி எடுக்க என்னிடம் இடமும் இல்லை, காசும் இல்லை.

அதற்குப் பிறகுதான் கணக்கைத் திருப்பிப் போட்டேன். எலி சேர்ந்த நாளிலிருந்து 21 முதல் 23 நாளில் ஈன்றுவிடும். ஆறு வாரம் ஆகாமல் குட்டியை நான் கொடுப்பதில்லை. ஆக, ஜோடி சேர்க்கும் நாளுக்கும் குட்டி கைமாறும் நாளுக்கும் நடுவே ஒன்பது வாரம். ஒன்பது வாரத்தில் மனிதர்களின் நிலைமை மாறிவிடும். அதனால் மூன்று முறை கேட்கிறேன். ஜோடி சேர்ப்பதற்கு முன் ஒரு முறை, குட்டிகள் கண் திறந்த இரண்டாவது வாரத்தில் ஒரு முறை, ஆண் பெண் பிரித்த ஐந்தாவது வாரத்தில் ஒரு முறை. முதல் கேள்விக்கு ஐந்து வீடாவது உறுதியாகப் பதில் சொல்லவில்லை என்றால் ஜோடியே சேர்ப்பதில்லை. ஒரு வீட்டுக்கு இரண்டு என்றால் பத்துக் குட்டி. அதற்கு மேல் பிறந்தால் அவை என்னோடு இருக்கலாம், அதற்கான கூண்டை முன்பே காலியாக வைத்திருப்பேன். கொடுக்கும் வாரம் தீபாவளியை ஒட்டி வராமலும் பார்த்துக்கொள்கிறேன். வெடிச் சத்தமும் வீடு நிறைய விருந்தாளிகளும் புதுக் குட்டிக்கு ஆகாது.

என்ன கேட்கிறேன் என்று பலர் விசாரித்திருக்கிறார்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எல்லோருக்கும் சம்மதமா, கூண்டின் படம் அனுப்ப முடியுமா என்று கேட்பேன். கம்பிகளுக்கு நடுவே ஒன்றரைச் சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால்கூட ஆறு வாரக் குட்டி நழுவிப் போய்விடும். எலி பார்க்கும் மருத்துவரிடம் யார் கூட்டிப் போவது? இங்கிருந்து ஈப்போ போக வேண்டும், அதற்கு வண்டி வேண்டும். ஊருக்குப் போகும்போது யார் பார்ப்பது? ஒற்றை எலி யாருக்கும் கிடையாது. எலி தன் இனத்தோடு கட்டிப் புரண்டு தூங்கும் பிராணி, நாம் எவ்வளவு கொஞ்சினாலும் அதற்கு ஈடாகாது. கடைசியாக ஒன்று, என்ன காரணமானாலும் திருப்பி என்னிடமே கொண்டு வர வேண்டும். பாதி வயதில் வந்தாலும் வாங்கிக்கொள்வேன், ஏன் என்று கேட்க மாட்டேன்.

இனி வந்தவர்களைப் பற்றி.

மலைப்பாம்பு வளர்க்கும் ஓர் இளைஞர் வந்தார். பெயர் எழுதும்போதே “அண்ணே, பாம்புக்குத்தான், ஆண் குட்டியா இருந்தாலும் பரவால்ல, பத்து வேணும்” என்று நேராகச் சொன்னார். இல்லை என்றேன். கோபப்படவில்லை, கை கொடுத்துவிட்டுப் போனார். உண்மையைச் சொன்னதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. இன்னொருவர் பிள்ளைகளுக்காக என்று சொல்லி ஆறு ஆண் குட்டிகளை இலவசமாகக் கேட்டார். பிள்ளைகளின் வயதைக் கேட்டேன், இரண்டு முறை இரண்டு விதமாகச் சொன்னார். அன்று முதல் இலவசமாகக் கொடுப்பதை நிறுத்தினேன். முதல் தடவை வருபவருக்கு மூன்றுக்கு மேல் கொடுப்பதும் இல்லை.

விநாயகர் சதுர்த்திக்கு ஒரு வெள்ளை எலி வேண்டும், பூஜை முடிந்ததும் தந்துவிடுகிறேன் என்று ஒரு குடும்பம் கேட்டது. பக்தியோடுதான் கேட்டார்கள். ஆனால் மேளச் சத்தம், சாம்பிராணிப் புகை, தெரியாத கைகள். எலிக்கு மூச்சுக்குழாய் ரொம்ப மென்மை. வளர்ப்பு எலிகளில் பெரும்பாலானவை மைக்கோபிளாஸ்மா கிருமியைப் பிறவியிலிருந்தே சுமக்கின்றன, புகையும் பயமும் சேர்ந்தால் அது தலைதூக்கிவிடும். பொறுமையாக விளக்கினேன். அந்த வீட்டு அம்மா, “அப்ப பிள்ளையாரோட வாகனத்த நாம கஷ்டப்படுத்தக் கூடாதுல்ல” என்று சொல்லிவிட்டு, கொழுக்கட்டை மட்டும் கொண்டு வந்து கொடுத்தார்.

எல்லாத் தாய்மார்களும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கென்சிங் தீக்குஸ் வராதா? நியாயமான பயம். எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் பரவும் எலிக்காய்ச்சல் அது. 2010-இலிருந்து மருத்துவர்கள் சுகாதாரத் துறைக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகவும் இருக்கிறது. பல தலைமுறையாக வீட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த எலியும் சாக்கடை எலியும் ஒன்றல்ல என்று சொல்வேன். ஆனால் அதோடு நிறுத்த மாட்டேன். தீனியை மூடி வை, வெளி எலி கூண்டுப் பக்கம் வர விடாதே, கையில் காயம் இருந்தால் கூண்டைக் கழுவாதே, தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கழுவு. ஆபத்தே இல்லை என்று வாக்குக் கொடுப்பதைவிட இதுதான் சரி.

இப்போது பாட்டி. பட்டியலில் பேரனின் பெயர் இருந்தது. பேரனோடு பார்க்க வந்தவர் வாசற்படி ஏறவே இல்லை. “தோட்டத்துல முப்பது வருஷம் எலிக்கு மருந்துக்கட்டி வச்சவ நான். இத காசு குடுத்து வாங்கணுமா?” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. செம்பனைக் குலையை எலி கடித்தால் தோட்டத்துக்கு நஷ்டம். மருந்துக்கட்டி போட்டும் அடங்காமல், கம்பத்தில் பெட்டி கட்டிக் கூகைகளைக் குடிவைத்த தோட்டங்கள் நம் பக்கமே உண்டு. எலியை யாராவது ஆசைக்கு வளர்ப்பார்களா என்று கேட்டார். 1901-இல் இங்கிலாந்தில் எய்ல்ஸ்பரி என்ற ஊரில் நடந்த கண்காட்சிக்கு மேரி டக்ளஸ் என்ற பெண்மணி எலிகளைக் கொண்டு போய்ப் பரிசு வாங்கினார் என்றேன். “வெள்ளக்காரன் பேச்ச விடு தம்பி” என்றார்.

அந்த நேரம் பார்த்து என் கிழட்டு ஆண் ஒன்று, முக்காடு போட்டாற்போல் தலையும் தோளும் கறுத்த ஹூடட், தூளியிலிருந்து இறங்கி வந்தது. பழைய கைலியைக் கிழித்து நான் தைத்த தூளி. கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டிப் பாட்டியின் விரலை முகர்ந்தது. பாட்டி கையை எடுக்கவில்லை. “இது ஏன் முகத்த இப்படிக் கழுவிக்கிட்டே இருக்கு?” என்று கேட்டார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு பேரன் எஸ்பிஎம் பள்ளித் தேர்வு முடித்து வெளியூர் போய்விட்டான், அவன் பெயரை அடித்துவிட்டேன். மூன்று மாதம் கழித்துப் பாட்டி தனியாக வந்து, அடித்த இடத்தில் தன் பெயரை எழுதச் சொன்னார். குட்டி வேண்டாமாம். “ஓடியாடுறத என்னால பாக்க முடியாது. வயசானது ரெண்டு குடு” என்றார். ஒன்றரை வயதில் திரும்பி வந்திருந்த இரண்டு ஆண்களைக் கொடுத்தேன். திரும்பி வரும் எலிகளை யாரும் கேட்பதில்லை. அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

கூலிமிலிருந்து

நான் பட்டியல் எதுவும் இல்லாமல் குட்டிகளோடு நின்றவள். அதையும் சொல்ல வேண்டும்.

கடையில் இரண்டும் பெண் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். எனக்குப் பார்க்கத் தெரியாது. மூன்று வாரம் கழித்து, இரவு வேலை முடிந்து வந்து பார்த்தால் கூண்டில் பத்துக் குட்டி. ஆணைப் பிரிக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஈன்ற ஒரு நாளுக்குள்ளேயே தாய் எலி மறுபடி சேரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அடுத்த மூன்று வாரத்தில் இன்னும் ஒன்பது. ஒரு சின்ன அறையில் மொத்தம் 21 எலிகள், நான் ஷிப்ட் வேலை பார்க்கும் தாதி.

கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். கேள்வி கேட்கும் நிலையில் நான் இல்லை. அவற்றில் சில எங்கே போயின என்று இன்றும் எனக்குத் தெரியாது. அந்த நினைப்பு இன்னும் வலிக்கிறது. கடைசி ஆறு பெண் குட்டிகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, நிதானமாக, நான்கு மாதம் எடுத்து வீடு தேடினேன். அந்த ஆறு வீட்டுக்காரர்களோடு இன்னும் பேசுகிறேன். புதிதாக வாங்குபவர்கள் தயவுசெய்து ஆண் பெண் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு ஒரே கூண்டில் விடுங்கள். ஐந்து வார வயதிலேயே அவை சினையாகத் தயாராகிவிடும்.

தெலுக் இந்தானிலிருந்து

சுங்கை சிப்புட் அண்ணாவிடம் 14 மாதம் காத்திருந்தவள் நான். முதலில் கேட்டபோது பல்கலைக்கழக விடுதியில் இருந்தேன். விடுதியில் பிராணி வளர்க்கக் கூடாது, ஒளித்து வைத்துக்கொள்கிறேன் என்றேன். “ஒளிச்சு வச்சா உடம்புக்கு முடியாதப்ப யாருகிட்ட மா கொண்டு போவ?” என்று கேட்டார். எனக்குப் பயங்கரக் கோபம். வேறு இடத்தில் வாங்கிவிடலாம் என்றுகூட நினைத்தேன். படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, வாடகை வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கியபிறகுதான் மறுபடி அழைத்தேன். என் பெயரை அவர் அடிக்கவில்லை. பக்கத்தில் “விடுதி முடிந்ததும்” என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தார்.

அக்காள் தங்கையாக இரண்டு சயாமீஸ் வகை எலிகள். குட்டிகளைக் கொடுத்த நாள் ஞாபகம் இருக்கிறது. உறைந்த தண்ணீர்ப் போத்தலைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். எலிக்கு வியர்க்காது, வால் வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும், வெயிலில் நிறுத்திய காரில் ஐந்து நிமிடம்கூட விடாதே என்று மூன்று முறை சொன்னார். வழியில் சாப்பிடக்கூட நாங்கள் இறங்கவில்லை.

முதல் வாரமே ஒன்றின் கண்ணைச் சுற்றிச் சிவப்பாகக் கசிந்தது. இரத்தம் என்று நினைத்து இரவு பதினொன்றுக்கு அழைத்தேன். எடுத்தார். அது இரத்தம் இல்லை, பார்ஃபிரின் என்ற சிவப்புக் கசிவு, இடம் மாறிய பதற்றத்தில் வரும், இரண்டு நாளில் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் போ என்றார். நின்றுவிட்டது. 19 மாதத்தில் மற்றதுக்கு முன்காலுக்குக் கீழே கட்டி வந்தது. பெண் எலிகளுக்கு அடிக்கடி வருவதுதான், பெரும்பாலும் புற்றுநோய் இல்லை, ஆனால் வளர்ந்துகொண்டே போகும். அறுவை சிகிச்சை செய்தோம். மறுநாளே காயக்கட்டைக் கடித்துப் பிய்த்துவிட்டு என் தோளில் ஏறி உட்கார்ந்தது. விடுதியில் இருந்திருந்தால் அந்தச் செலவுக்கு என்னிடம் ஒரு வெள்ளிகூட இருந்திருக்காது.

மறுபடியும் சுங்கை சிப்புட்டிலிருந்து

கூலிம் தங்கச்சி, மீதி ஆறுக்கு நான்கு மாதம் எடுத்தீர்களே, அதைத்தான் நானும் ஏழு ஆண்களை வைத்துக்கொண்டு கற்றேன். தெரியாமல் நடந்ததற்கு வருந்த வேண்டாம். அடுத்த தடவை ஆண் பெண் பார்க்க வேண்டுமென்றால் படம் எடுத்து அனுப்புங்கள், எந்த நேரமானாலும் பார்த்துச் சொல்கிறேன்.

தெலுக் இந்தான் தங்கச்சிக்கு, நோட்டில் அந்தப் பென்சில் எழுத்து இன்னும் இருக்கிறது மா.

இப்போது நோட்டில் ஒன்பது பெயர். நான்கு வீடுதான் உறுதி. அதனால் இந்த மாதம் ஜோடி சேர்க்கவில்லை. ஆனால் வேறு ஒரு வேலை வந்திருக்கிறது. நேற்றுப் பாட்டி அழைத்தார். இரண்டில் ஒன்று போன வாரம் போய்விட்டதாம், மற்றது தூளியில் ஏறாமல் மூலையிலேயே படுத்திருக்கிறதாம். “ஒத்தையா கெடக்குது தம்பி, என் பேர எழுதிக்க” என்றார். என்னிடமும் அண்ணனை இழந்த ஒரு கிழட்டு ஆண் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன், பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டி எடுத்துப் போகிறேன். இரண்டுக்கும் பழக்கமில்லாத இடமாகப் பார்த்து, பாட்டி வீட்டுக் குளியலறையில் சந்திக்க விட வேண்டும். பழகும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கப் போகிறேன். பசியாறவும் பாட்டி அங்கேயே சொல்லிவிட்டார்.